குதிரைத்திறனும் எரிபொருள் பம்பும்: அளவறிந்து ஊட்டல்

சிராங்கூன் சாலையின் பூக்கடைகளையும் நகைக்கடைகளையும் கடந்து, சையது ஆல்வி சாலை வழியாக ஜாலான் புசாரை நோக்கிச் செல்வோர், டயர்க் கடைகளையும் இரும்புச் சாமான் கடைகளையும் வாகன உதிரிபாகக் கடைகளையும் காண்பர். காக்கி புக்கிட், ஊபி, சின் மிங் ஆகிய வட்டாரங்களில் அதே தொழில் பெரும்பட்டறைகளாக விரிந்திருக்கிறது. 1990ஆம் ஆண்டு மே மாதத்தில் வாகன உரிமைச் சான்றிதழ் முறை நடப்புக்கு வந்தது. அன்றுமுதல் சிங்கப்பூரில் கார் வைத்திருத்தல் என்பது பத்தாண்டுக்கு ஒருமுறை விலைகொடுத்துப் பெற வேண்டிய உரிமையாயிற்று. அரிதின் முயன்று பெற்ற காரைப் பேணவும் அழகுபடுத்தவும் அதன் திறனைக் கூட்டவும் விழைவோர் இங்கு உளர். தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் பயிலும் நம் இளையரிடையேயும் அவ்விழைவு உண்டு.

அவ்வாறு விழைவோர் முதலில் எண்ணுவது டர்போவை. இறுதியில் எண்ணுவது எரிபொருள் பம்பை. இவ்வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே இவ்வுரையின் கருத்து. இயந்திரத்திற்கு மிகுதியான காற்றை ஊட்டுவது எளிது. அக்காற்றுக்கு ஈடான எரிபொருளைக் கடைசி நொடிவரை குறையாமல் ஊட்டுவதே அரிது. அதில் தவறினால் இயந்திரம் மட்டுமன்றிச் சிலவேளை உயிரும் இழப்புக்கு உள்ளாகும். ஆதலின், பெரிய பம்பு எது என்று கேட்பதற்கு முன்னர், எவ்வளவு வேண்டும் என்று கணக்கிடக் கற்போம்.

சொல்லைப் பற்றி ஒரு சொல்

பம்பு என்பதற்குத் தமிழில் எக்கி என்னும் சொல் உண்டு. நீரைப் பீய்ச்சும் கருவியைக் குறித்த பழஞ்சொல் அது. இலங்கைப் பாடநூல்கள் பம்பி என வழங்குகின்றன. பட்டறையிலும் கடையிலும் ஒலிப்பது பம்பு என்பதே. கருவியைக் கையாளுவோர் வாயில் நிலைத்த சொல்லையே இவ்வுரையிலும் ஆள்கிறோம். அதன் செயலைத் தெளிவாக விளக்குவதற்கு வேண்டிய தமிழ், நம்மிடம் போதிய அளவு இருக்கிறது.

தொட்டியிலிருந்து இயந்திரம்வரை

இன்றைய பெட்ரோல் கார்களில் எரிபொருள் பம்பு பெரும்பாலும் தொட்டிக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. அது ஒரு சிறு மின்மோட்டாரும் அதனோடு இணைந்த சுழலியும் ஆகும். பம்பு பெட்ரோலை உறிஞ்சி, வடிகட்டி வழியாக, இயந்திரத்தின்மேல் அமைந்த விநியோகக் குழாய்க்கு அனுப்புகிறது. அக்குழாயிலிருந்து இன்ஜெக்டர்கள் கணினியின் கட்டளைப்படி மிக நுண்ணிய துளிகளாக எரிபொருளைத் தெளிக்கின்றன. அழுத்தச் சீராக்கி என்னும் கருவி அழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்துகிறது. திரும்புகுழாய் உள்ள அமைப்புகளில், தேவைக்கு மேற்பட்ட எரிபொருள் அதன் வழியே மீண்டும் தொட்டியை அடைகிறது.

பெட்ரோலுக்குள் மின்மோட்டார் இருந்தால் தீப்பற்றாதா என்று மாணவர் வினவுவது இயல்பு. எரிதலுக்கு எரிபொருள், வெப்பம், உயிர்வளி ஆகிய மூன்றும் வேண்டும். பம்பின் உட்புறம் முழுவதும் நீர்ம நிலைப் பெட்ரோலால் நிறைந்திருப்பதால் அங்கு எரிதலுக்கு வேண்டிய காற்று இல்லை. மேலும், மோட்டாரின் ஊடாகப் பாயும் பெட்ரோலே அதனைக் குளிர்விக்கிறது. அதற்கு மசகாகவும் பயன்படுகிறது. எனவே தொட்டி வறண்ட நிலையில் பம்பை ஓட்டுவது அதன் ஆயுளைக் குறைக்கும். இவ்வுண்மை பின்னர் நமக்குப் பயன்படும்.

காற்றுக்கு ஏற்ற எரிபொருள்

ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று தேவை. டர்போ பொருத்திய இயந்திரம் முழுத்திறனில் இயங்கும்போது, இவ்விகிதத்தைச் சற்று மாற்றி, 12 கிலோகிராம் காற்றுக்கு ஒரு கிலோகிராம் என்ற அளவில் எரிபொருளைக் கூட்டியே கொடுப்பர். மிகுதியாகச் சேரும் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து எரியறையைக் குளிர்விக்கிறது. அந்நிலையில் பெட்ரோல் எரிபொருளாக மட்டுமன்றிக் குளிர்ப்பானாகவும் பணியாற்றுகிறது.

இனி, டர்போ மிகுதியான காற்றைத் திணிக்கிறது. பம்போ பழைய அளவையே தருகிறது எனக் கொள்வோம். கலவையில் எரிபொருள் குறைகிறது. எரியறையின் வெப்பம் ஏறுகிறது. தீச்சுடர் சென்று சேர்வதற்கு முன்னரே, மூலையில் எஞ்சிய கலவை தானாகவே வெடித்தெரிகிறது. அதனால் எழும் அழுத்த அலைகள் பிஸ்டனைத் தாக்குகின்றன. பட்டறைகளில் நாக்கிங் என்று சொல்லப்படும் தட்டொலி இதுவே. அது சில நொடிகள் நீடித்தாலும் பிஸ்டனின் வளையமேடுகள் உடையலாம். தலைப்பகுதி உருகித் துளைபடலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, குறை இருக்கும் இடமும் சேதம் தோன்றும் இடமும் வேறு என்பதாகும். குறை பின்னிருக்கைக்கு அடியில் உள்ள பம்பில். சேதம் முன்புறத்து இயந்திரத்தில். சிராங்கூன் சாலை நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது அக்குறை சிறிதும் புலப்படாது. இயந்திரத்திடம் முழுத்திறனையும் கேட்கும் அந்தச் சில நொடிகளில்தான் அது வெளிப்படும். வெளிப்பட்டபின் வருந்திப் பயனில்லை.

வகுப்பறைக்கு ஏற்ற ஒரு கணக்கு

டர்போ பொருத்திய பெட்ரோல் இயந்திரம் முழுத்திறனில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 270 கிராம் எரிபொருளை உட்கொள்ளும் என்பது பட்டறையினர் கொள்ளும் வழக்கமான மதிப்பீடு. பெட்ரோலின் அடர்த்தி லிட்டருக்கு ஏறத்தாழ 0.75 கிலோகிராம். இவ்விரண்டு எண்களைக் கொண்டே தேவையை அறியலாம்.

1990களில் ஜப்பானில் விற்பனையான நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், மிட்சுபிஷி லான்சர் எவொலூஷன் போன்ற கார்களுக்கு அறிவிக்கப்பட்ட உச்சத்திறன் 280 குதிரைத்திறன். 280ஐ 270 கிராமால் பெருக்கினால் மணிக்கு 75.6 கிலோகிராம், லிட்டரில் ஏறத்தாழ 101. அத்தகைய கார் ஒன்றை 500 குதிரைத்திறனுக்கு உயர்த்துவதாகக் கொண்டால், தேவை மணிக்கு 135 கிலோகிராம். அதாவது 180 லிட்டர். பம்பு பழையதாகும், வடிகட்டியில் அழுக்குச் சேரும், மின்னழுத்தம் குறையும். இவற்றுக்காக ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டினால் 216 லிட்டர். நிமிடத்திற்கு 3.6 லிட்டர், நொடிக்கு 60 மில்லிலிட்டர்.

இதனை அன்றாட ஓட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் செலவாகும் கார், விரைவுச்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது மணிக்கு 7.2 லிட்டர் மட்டுமே உட்கொள்கிறது. ஆக, நாள்தோறும் 7 லிட்டர் அளவில் வேலை செய்யும் அமைப்பை, என்றோ ஒருநாள் சில நொடிகளுக்குத் தேவைப்படும் 180 லிட்டருக்காக மாற்றியமைக்கிறோம்.

அழுத்தம் ஏறினால் அளவு இறங்கும்

216 லிட்டர் தேவை எனக் கண்டபின், உறையில் 255 லிட்டர் என்று அச்சிட்ட பம்பை வாங்கினால் போதும் என்று தோன்றும். அவ்வெண் எந்த அழுத்தத்தில் அளக்கப்பட்டது என்பதே அடுத்த வினா.

பல கார்களில் எரிபொருளின் அடிப்படை அழுத்தம் 3 பார். டர்போ 1.5 பார் அழுத்தத்தில் காற்றைத் திணிக்கும்போது, இன்ஜெக்டர் அவ்வழுத்தத்தை எதிர்த்துத் தெளிக்க வேண்டியிருக்கிறது. இருபுறத்து வேறுபாடு மாறாதிருக்க, சீராக்கி எரிபொருளின் அழுத்தத்தை 4.5 பாராக உயர்த்துகிறது. நீரை ஏறத்தாழ 45 மீட்டர் உயரத்திற்கு, அதாவது பதினைந்து மாடிக் கட்டடத்தின் உச்சிக்கு, ஏற்றுவதற்கு ஈடானது இவ்வழுத்தம். மூன்றாம் மாடிக்கு ஏற்றும்போது நிறையத் தரும் பம்பு, பதினைந்தாம் மாடிக்கு ஏற்றும்போது குறைவாகவே தரும். எரிபொருள் பம்பும் அவ்வாறே. ஆகவே, தயாரிப்பாளர் வெளியிடும் வரைபடத்தில் 4.5 பாருக்கு நேராக உள்ள எண்ணையே நம் தேவையோடு ஒப்பிட வேண்டும். பெயர்பெற்ற பம்புகளுக்குப் போலிகளும் சந்தையில் உலவுவதால், உறையில் அச்சிட்ட எண்ணைவிட, உரிய அழுத்தத்தில் அளந்து பார்த்த எண்ணே நம்பத்தக்கது.

கம்பியில் கரையும் மின்னழுத்தம்

பம்பு மின்மோட்டாரால் இயங்குவது. ஆதலின் அதன் விளைச்சல் மின்னழுத்தத்தைச் சார்ந்தது. இயந்திரம் ஓடும்போது காரில் ஏறத்தாழ 13.5 வோல்ட் கிடைக்கிறது. பழைய சிறு பம்புக்கென அமைந்த மெல்லிய கம்பியின் மின்தடை, இணைப்பு முனைகளையும் சேர்த்து, 0.1 ஓம் எனக் கொள்வோம். புதிய பம்பு 15 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுத்தால், ஓம் விதிப்படி 1.5 வோல்ட் கம்பியிலேயே இழக்கப்படும். பம்புக்குக் கிட்டுவது 12 வோல்ட். சுழற்சி குறையும், உயர் அழுத்தத்தில் பம்பு தரும் அளவு மேலும் குறையும். இழந்த மின்னாற்றல் கம்பியைச் சூடாக்கும். அச்சூடு பெட்ரோல் தொட்டிக்கு அருகில் நிகழ்கிறது என்பதை மறத்தலாகாது.

இதனால்தான் தேர்ந்த கைவினைஞர், பெரிய பம்பு பொருத்தும்போது பேட்டரியிலிருந்து தடித்த கம்பியை, ஃபியூஸ் ஒன்றையும் ரிலே ஒன்றையும் இடையிட்டுக் கொண்டுவருகின்றனர். தரையிணைப்புக் கம்பியையும் அதே தடிமனில் அமைக்கின்றனர். இங்கு ஒரு விதி மீறப்படக் கூடாதது. ரிலேயை இயக்கும் கட்டளை, காரின் கணினியிடமிருந்தே வர வேண்டும். விபத்தில் இயந்திரம் நின்றுவிட்டால், கணினி பம்பையும் நிறுத்திவிடும். அக்கட்டளையைத் தவிர்த்து, சாவியைத் திருப்பியதும் ஓடும்படி நேரே இணைத்துவிட்டால், உடைந்த குழாய் வழியாகப் பம்பு பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். நொடிக்கு 60 மில்லிலிட்டர் என்று மேலே கண்ட எண், நசுங்கிய காருக்குள் மனிதர் சிக்கியிருக்கும் வேளையில் எதனைக் குறிக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மிகையும் குறையே

பெரியதையே பொருத்திவிட்டால் கவலையில்லை என்பாரும் உளர். தேவைக்கு மிஞ்சிய பம்பும் தொல்லை தருவதே. இயந்திரம் மெல்ல ஓடும்போது ஏறத்தாழ முழு எரிபொருளும் திரும்புகுழாய் வழியே தொட்டிக்குத் திரும்ப வேண்டும். குறுகிய திரும்புகுழாயும் சிறிய சீராக்கியும் அவ்வளவையும் கடத்த இயலாமல் திணறும்; அழுத்தம் கட்டுப்பாட்டை மீறி ஏறும். கணினி எதிர்பார்த்ததைவிட மிகுதியான எரிபொருள் தெளிக்கப்பட்டு, இயந்திரம் புகை கக்கும். மீண்டும் மீண்டும் சுற்றிவரும் பெட்ரோல் சூடேறி ஆவியாகத் தொடங்கும். ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டும் நம் நாட்டில் இது புறக்கணிக்கத் தக்கதன்று. தேவைக்கேற்ப மோட்டாரின் வேகத்தை மாற்றும் கட்டுப்பாட்டுக் கருவியும், தேவைப்படும்போது மட்டும் துணைக்கு வரும் இரண்டாம் பம்பும் இதற்குத் தீர்வாகக் கையாளப்படுகின்றன.

புதிய கார்களில் இன்னுமொரு நுட்பம் உண்டு. எரியறைக்குள் நேரடியாக எரிபொருளைத் தெளிக்கும் இயந்திரங்களில் பம்புகள் இரண்டு. தொட்டியில் உள்ளது சில பார் அழுத்தத்தில் எரிபொருளை முன்னே அனுப்புகிறது. இயந்திரத்தின் கேம் தண்டால் இயங்கும் மற்றொன்று, அவ்வழுத்தத்தை 150, 200 பார் என்றும் அதற்கு மேலும் உயர்த்துகிறது. இவற்றுள் ஒன்றை மட்டும் பெரிதாக்கினால் மற்றது தடையாக நிற்கும். சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியின் வலிமையே ஆகும்.

முக்கால் தொட்டி

சிங்கப்பூரர் அனைவரும் அறிந்த ஒரு விதியை இங்கு நினைவுகூரலாம். சிங்கப்பூரில் பதிவான கார்கள் நிலவழியாக நாட்டைவிட்டு வெளியேறும்போது தொட்டி முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும். 1989இல் அரைத் தொட்டி என வகுக்கப்பட்ட இவ்விதி 1991இல் முக்கால் தொட்டியாக உயர்ந்தது. எரிபொருள் வரியைக் காப்பதே அதன் நோக்கம். மலேசியாவில் 1999இல் திறக்கப்பட்ட சிப்பாங் பந்தயத் தடத்தில் தம் காரை ஓட்டிப் பார்க்கச் செல்வோருக்கு, அவ்விதி தரும் பழக்கம் பொறியியல் நோக்கிலும் நன்மை பயக்கும். வளைவில் விரைந்து திரும்பும்போது தொட்டியிலுள்ள பெட்ரோல் ஒருபுறமாக ஒதுங்கும். தொட்டி குறைவாக இருந்தால் பம்பின் வாய் காற்றை உறிஞ்சும். மேலே கண்டவாறு, பம்பு குளிர்ச்சியை இழப்பதோடு, இயந்திரமும் எரிபொருளின்றித் தவிக்கும். நிறைந்த தொட்டி இவ்விரண்டையும் தடுக்கிறது. எரிபொருள் காட்டியைத் திருத்தி நிறைந்தது போலக் காட்ட முயல்வது குற்றம். அது தொழில்நுட்பத்திற்கும் கேடு.

சட்டமும் பாதுகாப்பும்

சிங்கப்பூரில் வாகன மாற்றங்களை நிலப் போக்குவரத்து ஆணையம் நெறிப்படுத்துகிறது. சில மாற்றங்களுக்கு ஒப்புதல் தேவையில்லை. சிலவற்றுக்கு முன்னரே ஒப்புதல் பெற வேண்டும். சில அறவே கூடாதவை. பெரிய பம்பு தனியே வருவதில்லை. அதன் பின்னால் டர்போ மாற்றமோ இயந்திர மாற்றமோ இருக்கும். அவை ஒப்புதல் தேவைப்படும் மாற்றங்கள். சட்டவிரோத மாற்றங்களுக்கான தண்டனை 2021இல் சாலைப் போக்குவரத்துச் சட்டத் திருத்தத்தால் கடுமையாக்கப்பட்டது. காப்புறுதி நிறுவனத்திற்குத் தெரிவிக்காத மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீட்டுக்குத் தடையாகலாம். ஆகவே, ஆணையத்தின் விதியைப் படித்துவிட்டுப் பட்டறைக்குச் செல்வதே முறை.

வேலை செய்யும் இடமும் பாதுகாப்பானதாக இருக்க வேண்டும். பெட்ரோல் சுழியத்துக்குக் கீழே 40 பாகையளவிலும் தீப்பற்றத்தக்க ஆவியை வெளியிடும். அவ்வாவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து, எட்டத்தில் உள்ள பொறியையும் சென்று சேரும். வீவக பலமாடிக் கார்நிறுத்துமிடத்தில் தொட்டியைத் திறப்பது அண்டை வீட்டார் அனைவருக்கும் ஆபத்து. காற்றோட்டமுள்ள பட்டறையில், குழாயின் அழுத்தத்தை வெளியேற்றி, பேட்டரியின் இணைப்பைக் கழற்றிய பின்னரே தொடங்க வேண்டும். தொட்டிக்குள் பொருத்தும் குழாய், பெட்ரோலில் மூழ்கியிருப்பதற்கென்றே செய்யப்பட்டதாக இருத்தல் வேண்டும். உட்புறம் மட்டும் பெட்ரோலைத் தாங்கும் சாதாரண எரிபொருள் குழாய், வெளிப்புறமும் நனைந்து கிடந்தால் நாளடைவில் நைந்துபோகும்.

அளவே ஆற்றல்

அப்பர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை பொதுச்சாலையிலேயே கிராண்ட் பிரி கார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. உயிர்கள் பலியாயின, பந்தயம் நிறுத்தப்பட்டது. 2008இல் மரினா பே வட்டாரத்தில் ஃபார்முலா ஒன் இரவுப் பந்தயமாக அது மீண்டும் வந்தபோது, மூடப்பட்ட சாலைகளும் தடுப்புச் சுவர்களும் மருத்துவக் குழுக்களும் உடன்வந்தன. அப்பந்தயத்தில் 2014ஆம் ஆண்டு ஒரு புதிய விதி புகுத்தப்பட்டது. எந்தக் காரும் மணிக்கு 100 கிலோகிராமுக்கு மேல் எரிபொருளைப் பாய்ச்சக் கூடாது என்பதே அவ்விதி. மேலே கண்ட கணக்கின்படி அவ்வளவு எரிபொருளால் 370 குதிரைத்திறன்தான் கிடைக்க வேண்டும். ஆனால் பந்தயப் பொறியாளர்கள் ஒவ்வொரு துளியின் எரிதலையும் சீர்செய்து, மின்மோட்டார் உதவியைச் சேர்க்காமலே, அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு திறனைப் பெற்றனர். பாய்ச்சலுக்கு எல்லை வகுத்தபின்தான் அத்தேர்ச்சி கைகூடியது.

ஆசிரியர்கள் இவ்வுரையில் உள்ள கணக்குகளைத் தம் வகுப்பில் எடுத்தாளலாம். விகிதம், அடர்த்தி, அழுத்தம், ஓம் விதி ஆகிய நான்கும் ஒரே பொருளைச் சுற்றிச் சேர்ந்து நிற்பதை மாணவர் காண்பர். 350 குதிரைத்திறனுக்கும் 1 பார் டர்போ அழுத்தத்திற்கும் ஏற்ற பம்பு எது என்று அவர்களைக் கணக்கிடச் சொல்லலாம். மணிக்கு 126 லிட்டர் தேவை. ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 151 லிட்டருக்குச் சற்று மேல். அதனை 4 பார் அழுத்தத்தில் தரவல்ல பம்பு வேண்டும் என்ற விடையை அவர்களே கண்டடைவர். அவ்வாறு கணக்கிடப் பழகிய மாணவர் நாளை பட்டறையில் நிற்கும்போது, மிகப் பெரிய பம்பு எது என்று கேட்கமாட்டார். எத்தனை பாரில் எத்தனை லிட்டர் என்றுதான் கேட்பார்.